லாபத்தில் பாதியை வேண்டாம் என்ற ஜகதீஷ் சந்திர போஸ்: ஒரு கண்டுபிடிப்புக்கு ராயல்டி எவ்வளவு வரும்?

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. கரும்பு சோகை உரிக்க ஆள் கிடைக்காத கஷ்டத்தைப் பார்த்துப் பார்த்து, அங்கே ஒருவர் கைக்கு அடக்கமாக ஒரு கருவி செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகள் பார்த்துவிட்டு, நல்லா இருக்கே என்கிறார்கள். விஷயம் கேள்விப்பட்டு வெளியூர் கம்பெனி ஒன்று வருகிறது. காப்புரிமைச் செலவு எங்களுடையது, தயாரிப்பதும் விற்பதும் எங்கள் பொறுப்பு, லாபத்தில் பாதி உங்களுக்கு என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

கிட்டத்தட்ட இதே பேரம் 1901 மே மாதம் லண்டனில் ஓர் இந்தியர் முன்னால் வந்து நின்றது. அவருக்கு வயது 42. கல்கத்தாவில் கல்லூரிப் பேராசிரியர். பெயர் ஜகதீஷ் சந்திர போஸ். அவர் கையெழுத்துப் போடவில்லை.

பள்ளிப் பாடத்தில் நாம் படித்த போஸ், செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர். அதற்கு முன்பு அவர் செய்த வேலை கம்பியில்லாத் தகவல்தொடர்பு. இன்று நம் கையில் இருக்கும் போனுக்கு முன்னோடியான ஆராய்ச்சி அது. அதிலிருந்து அவர் ஒரு பைசா ராயல்டி வாங்கவில்லை. ஏன்? வாங்கியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?

அப்பாவின் கடன்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30. இன்றைய வங்கதேசத்தில் உள்ள பகுதி. அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலத்தில், மகனை வங்காளிப் பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளை முதலில் தாய்மொழியும் தன் ஊர் மனிதர்களையும் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த அப்பாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. உள்ளூர் ஆட்களுக்கு வேலை வரவேண்டும் என்று தொழிற்பயிற்சிப் பட்டறை தொடங்கினார். தேயிலைத் தோட்டம், நெசவு என்று பணம் போட்டார். பலதும் நஷ்டத்தில் முடிந்தன. கடைசியில் மிஞ்சியது கடன். பின்னாளில் மகன் சம்பாதித்துத்தான் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருந்தது. புதிய முயற்சியில் பணம் எப்படிக் கரையும் என்பதை போஸ் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்துவிட்டு, டாக்டராக வேண்டும் என்று லண்டன் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் இயற்பியல் மேதை ரேலே பிரபு.

மூணில் ஒரு பங்கு சம்பளம்

1885-ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஆனால் சம்பளத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஐரோப்பியப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம். அதே வேலை செய்யும் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பணி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அதாவது மூணில் ஒரு பங்குதான்.

போஸ் சண்டை போடவில்லை. வேலையை விடவும் இல்லை. தினமும் வகுப்பு எடுத்தார், சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். மூன்று வருஷம் இப்படியே போனது. இதற்கிடையே 1887-ல் அபலாவைத் திருமணம் செய்தார். அபலாவுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு: அவர் 1880-களில் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடல்நிலை காரணமாகப் படிப்பை முடிக்க முடியவில்லை. கையில் சம்பளம் இல்லாத நிலையிலும் கணவரின் பிடிவாதத்துக்குத் துணை நின்றார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்தது. முழுச் சம்பளம், அதுவும் பழைய பாக்கியோடு சேர்த்து.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் லண்டன் சம்பவம் புரியும். பணத்தின் அருமை தெரியாதவர் இல்லை போஸ். தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்தான்.

சுவரைத் தாண்டி மணி அடித்த அலை

கல்லூரியில் நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு சின்ன அறை, உள்ளூர்த் தகர வேலைக்காரரின் உதவி, இதை வைத்துக்கொண்டு 1894 வாக்கில் மின்காந்த அலை ஆராய்ச்சியில் இறங்கினார். ஐரோப்பாவில் மற்றவர்கள் நீளமான அலைகளோடு மல்லுக்கட்டியபோது, போஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உருவாக்கினார். இன்று 5ஜி, ராடார் பேச்சில் அடிபடும் மில்லிமீட்டர் அலைகள் இவைதான்.

1895-ஐ ஒட்டி கல்கத்தா டவுன்ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். கம்பி எதுவும் இல்லாமல், சுவர்களையும் அங்கிருந்த துணைநிலை ஆளுநரின் உடலையும் கடந்து போன அலை, தூரத்தில் ஒரு மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது.

அலையை அனுப்பினால் போதாது, பிடிக்கவும் வேண்டும். பிடிக்கும் கருவிக்குத்தான் அன்று எல்லாரும் அலைந்தார்கள். 1899-ல் இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஓர் உணரியைப் பற்றி போஸ் எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. கட்டுரை வெளியானதும் அது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து ஆகிவிட்டது. 1901 டிசம்பரில் இத்தாலியர் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையைப் பிடித்ததாக அறிவித்தபோது, அவர் கையில் இருந்த பாதரச உணரியின் மூலம் போஸின் வடிவமைப்புதான் என்று 1998-ல் பொறியாளர் புரோபீர் பந்தோபாத்யாய் ஆதாரங்களோடு வாதிட்டார்.

லண்டனில் வந்த பேரம்

1901 மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸின் சொற்பொழிவு. அதற்குச் சற்று முன்பு, புகழ்பெற்ற தந்தி நிறுவனம் ஒன்றின் கோடீஸ்வர முதலாளி அவரைத் தேடி வந்தார். கையில் காப்புரிமை விண்ணப்பப் படிவம். சொற்பொழிவில் ரகசியத்தை எல்லாம் வெளியே சொல்லிவிடாதீர்கள், இதில் பணம் கொட்டும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், லாபத்தில் பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்பது அவர் பேச்சின் சாரம்.

நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் போஸ் இதை விவரித்தார். இவ்வளவு பணக்காரர் இன்னும் கொஞ்சம் லாபத்துக்காக இப்படிக் கெஞ்சுகிறாரே என்று அவருக்கு வியப்பு. இந்தப் பணப் பொறிக்குள் ஒருமுறை கால் வைத்தால் வெளியே வர முடியாது என்று அஞ்சினார். அறிவு என்பது யாரும் பூட்டி வைக்கக்கூடாதது என்பது அவர் நம்பிக்கை. சொற்பொழிவில் எல்லாவற்றையும் வெளிப்படையாகவே சொன்னார்.

லாபத்தில் பாதி... நல்ல பேரமா?

போஸின் கொள்கையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வெறும் பணக்கணக்காக மட்டும் பார்ப்போம்.

ராயல்டி என்றால் வாடகை மாதிரி. கண்டுபிடிப்பு உங்களுடையது. அதைப் பயன்படுத்த ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கிறீர்கள். அவர்கள் விற்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு பங்கு வர வேண்டும். கேள்வி, எதில் பங்கு?

சோகை உரிக்கும் கருவிக்கே வருவோம். ஒன்றின் விலை 1,500 ரூபாய், வருஷத்துக்கு 2,000 விற்கிறது என்று வைத்தால் விற்பனை 30 லட்சம். கம்பெனிக்கு 10 சதவீதம் லாபம் என்றால் 3 லட்சம். அதில் பாதி 1.5 லட்சம். ஆகா, பிரமாதம்!

கொஞ்சம் பொறுங்க. லாபக் கணக்கை எழுதுவது யார்? கம்பெனி. விளம்பரச் செலவு, கடன் வட்டி, மேலாளர் சம்பளம், கட்டட வாடகை எல்லாவற்றையும் இந்தக் கருவியின் தலையில் ஏற்றிவிட்டு லாபம் 20,000 ரூபாய்தான் என்று காட்டினால், உங்கள் பாதி வெறும் 10,000. நஷ்டம் என்று காட்டினால் ஒன்றுமே இல்லை.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் நிகர விற்பனையில் சதவீதம் கேட்பார்கள். மேலே சொன்ன 30 லட்சத்தில் 3 சதவீதம் என்றால் 90,000 ரூபாய். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் எத்தனை கருவி விற்றது என்பதை மறைப்பது, லாபத்தை மறைப்பதைவிடக் கஷ்டம்.

3 சதவீதமா, இவ்வளவு கம்மியா என்று தோன்றலாம். ரொம்ப காலமாகத் தொழில் வட்டாரத்தில் ஒரு தோராயக் கணக்கு இருந்தது: தயாரிப்பவருக்கு வரும் லாபத்தில் நாலில் ஒரு பங்கு கண்டுபிடித்தவருக்கு. லாபம் 10 சதவீதம் என்றால், விற்பனையில் 2.5 சதவீதம். 2011-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பொதுக்கணக்கை ஆதாரமாக ஏற்க முடியாது, ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் தனியாக மதிப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பேரம் எந்த அளவில் நடக்கும் என்று புரிந்துகொள்ள இது உதவும். முதல் போடுவது, இயந்திரம் வாங்குவது, விற்காமல் தேங்கினால் நஷ்டப்படுவது எல்லாம் தயாரிப்பவர் என்பதால், கண்டுபிடித்தவரின் பங்கு பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலேயே நிற்கும்.

மார்க்கோனி செய்தது என்ன?

அதே காலத்தில் மார்க்கோனி வேறு பாதையில் போனார். 1896-லேயே பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897-ல் கம்பெனி தொடங்கப்பட்டபோது, தன் காப்புரிமைக்குப் பதிலாக 15,000 பவுண்டு ரொக்கமும் 1 லட்சம் பங்குகளில் 60,000 பங்கும் பெற்றார். எதிர்கால ராயல்டியை மட்டும் நம்பி உட்காரவில்லை. முன்பணமும் வந்தது, கம்பெனியின் பெரும்பகுதியும் அவரிடமே இருந்தது. 1909-ல் பிரௌனுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

மார்க்கோனி விஞ்ஞானி என்பதைவிடத் தொழில் கட்டியெழுப்பியவர். கப்பலுக்குக் கப்பல் கருவி பொருத்தினார், கரையில் நிலையங்கள் அமைத்தார். போஸ் அந்த நேரத்தில் ஏற்கெனவே செடிகளின் பக்கம் திரும்பிவிட்டார்.

தோழிகள் எடுத்துத் தந்த காப்புரிமை

இதெல்லாம் பார்த்து மனம் பொறுக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் விவேகானந்தரின் சீடர் சகோதரி நிவேதிதா. இன்னொருவர் அமெரிக்காவைச் சேர்ந்த சாரா புல். இவர்களின் வற்புறுத்தலால் 1901 செப்டம்பர் 30-ல் போஸின் பெயரில் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் போனது. கலினா என்ற ஈயக் கனிமப் படிகத்தை வைத்து அலையைப் பிடிக்கும் உணரி அது. 1904 மார்ச் 29-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 755,840. அதில் பாதி உரிமை சாரா புல் பெயரில்.

குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த உலகின் முதல் காப்புரிமை என்று இதைச் சொல்வார்கள். டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காக நோபல் வென்ற வால்டர் பிராட்டெய்னும், ரேடியோ அலையைப் பிடிக்கக் குறைக்கடத்திப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று பதிவு செய்திருக்கிறார்.

போஸ் இந்தக் காப்புரிமையைக் காலாவதியாக விட்டுவிட்டார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். உண்மையில் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வருஷா வருஷம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டும் முறையே கிடையாது. அந்த ஏற்பாடு 1980-ல்தான் வந்தது. காப்புரிமை கிடைத்த நாளிலிருந்து 17 ஆண்டுகள் அது உயிரோடு இருக்கும். ஆக, போஸின் காப்புரிமை 1921 மார்ச் வரை சட்டப்படி செல்லும். அவர் அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் லைசென்ஸ் கொடுக்கவில்லை, யார் மீதும் வழக்குப் போடவில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. படிக உணரி கொண்ட ரேடியோவை வீடுதோறும் வாங்கும் மோகம் அமெரிக்காவில் கிளம்பியது 1920-களின் தொடக்கத்தில். அதாவது காப்புரிமை முடியும் நேரத்தில். 1904 முதல் தந்தி நிலையங்களிலும் கப்பல்களிலும் பயன்படுத்தியவர்களிடம் ராயல்டி கேட்டிருக்கலாம். ஆனால் பெரிய சந்தை திறந்தபோது, போஸ் முனைந்திருந்தாலும்கூட, காலம் கடந்திருக்கும். கண்டுபிடிப்பு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டால் ராயல்டியின் கடிகாரம் சும்மா ஓடித் தீர்ந்துவிடும்.

இன்று இந்தியாவில் கணக்கு எப்படி?

இந்தியாவில் இப்போது காப்புரிமைக் காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு: முதலில் ஆண்டுக்கு 800, பிறகு 2,400, 4,800, கடைசி ஐந்து ஆண்டுகளில் 8,000. கடைசிவரை கட்டினால் புதுப்பிப்பு மட்டும் மொத்தம் 76,800 ரூபாய். விண்ணப்பம் எழுதித் தருபவரின் கட்டணம் தனி. அன்றைய அமெரிக்கா மாதிரி இல்லை, இங்கே கட்டணம் கட்ட மறந்தால் உரிமை போய்விடும். நமக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

போஸின் 1899 கட்டுரை ஒரு பாடமும் சொல்கிறது. வெளியே சொன்ன பிறகு காப்புரிமை கேட்பது கடினம். அறிவியல் சங்கத்தில் படித்த கட்டுரைக்கு 12 மாதம் வரை சட்டம் சலுகை தருகிறது. ரீல்ஸ் போட்டதற்கும் கடையில் விற்றதற்கும் அந்தச் சலுகை கிடையாது. முதலில் விண்ணப்பம், பிறகுதான் வீடியோ.

வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அலுவலக வேலையில் செய்த கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை, பெரும்பாலும் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். அந்தத் தாளை எடுத்து ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் நான்கு விஷயம் தெளிவாக இருந்தால் பாதிச் சண்டை வராது. முன்பணம் எவ்வளவு, எந்தத் தொகையில் சதவீதம், விற்றாலும் விற்காவிட்டாலும் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உண்டா.

முன்பணம் ஏன் முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்ற செடியிலிருந்து, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசி அதைத் தயாரிக்க லைசென்ஸ் பெற்றது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், ஏழு ஆண்டுகளுக்கு விற்பனையில் 2 சதவீத ராயல்டி. வருவதில் பாதி காணி மக்களுக்கு. 1999-ல் அவர்களுடைய அறக்கட்டளைக்கு வந்தது 5 லட்சத்துச் சொச்சம். கட்டணத்தில் பாதியே 5 லட்சம், ராயல்டி அந்தச் சொச்சம் மட்டும்தான். கல்வராயன் மலைவாழ் மக்களின் மூலிகை அறிவைத் தேடி நாளை யாராவது வந்தால், முதலில் நினைவுக்கு வரவேண்டிய கணக்கு இது. பாரம்பரிய அறிவை அப்படியே யாரும் காப்புரிமை எடுக்க முடியாது என்பதும் நம் சட்டத்தில் இருக்கிறது.

காப்புரிமை இல்லாத நிறுவனம்

போஸ் 1915-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917 நவம்பர் 30, தன் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். சொந்தச் சேமிப்பும் பொதுமக்கள் தந்த நன்கொடையும் அதற்கு அடித்தளம். இங்கே கண்டறியப்படும் எதற்கும் காப்புரிமை எடுக்கப்படாது, எல்லாம் உலகத்துக்குப் பொது என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார். 1920-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ல், 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, கிரிடி என்ற ஊரில் காலமானார்.

அவர் எடுத்த முடிவு சரியா தப்பா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்தப் பணம் வந்திருந்தால் இந்தியாவில் இன்னும் நாலு ஆய்வுக்கூடம் வந்திருக்கும் என்பவர்கள் உண்டு. அறிவைப் பூட்டி வைக்காத அந்தப் பெருந்தன்மைதான் அவரை உயர்த்தியது என்பவர்களும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று வருஷம் சம்பளம் வாங்காமல் நின்று முழுத்தொகையையும் வசூலித்தவர் அவர். லண்டனில் வந்த பேரம் என்ன, அதை விட்டால் எது போகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே விட்டார். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டும், கட்டணத் தேதியை மறந்தும் உரிமையை இழப்பவர்கள் தங்களை போஸோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியாது. கொடுப்பதற்கும் முதலில் அது நம்முடையதாக இருக்க வேண்டும்.